பற்களை வெண்மையாக்கலாமா?

நீலகிரிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், குன்னூரிலோ கோத்தகிரியிலோ உள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். தோட்டத்தில் பறித்து வந்த பச்சைக் கொழுந்தை முதலில் பரப்பி வாட்டுவார்கள். பிறகு இயந்திரத்தில் இட்டு நசுக்கி நறுக்குவார்கள். நறுக்கிய இலையைக் காற்றுப்பட வைத்தால், ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்குள் பச்சை நிறம் மறைந்து செம்பு நிறம் வந்துவிடும்.

இதைப் 'புளிக்க வைத்தல்' என்று சொல்வது வழக்கம். ஆனால் இட்லி மாவு புளிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இலையின் செல்கள் உடைந்ததும் அவற்றிலுள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியால் அது இலையிலுள்ள நிறமற்ற பாலிபீனால்களை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்போது தியாஃபிளேவின், தியாருபிஜின் என்னும் நிறப்பொருள்கள் உண்டாகின்றன. முதலாவது பொன்னிறமும் செம்மையும் கலந்தது. இரண்டாவது பழுப்பு நிறமுடையது. நாம் விரும்பிக் குடிக்கும் தேநீரின் நிறம் இவற்றால் வந்ததே.

தேநீர் குடித்த கோப்பையைக் கழுவாமல் வைத்தால் உட்புறத்தில் பழுப்பு வளையம் படிகிறதல்லவா? அதே கறைதான் பல்லிலும் படிகிறது. பல்லின் மேல் உமிழ்நீரிலிருந்து வந்த மெல்லிய புரதப் படலம் எப்போதும் ஒட்டியிருக்கும். தேநீரின் பாலிபீனால்களுக்குப் புரதத்துடன் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பால் கலக்காத தேநீரைப் பலமுறை குடிப்பவர்களின் பற்கள் நாளடைவில் பழுப்பேறுவதற்கு இதுவே காரணம்.

இன்று திரும்பிய இடமெல்லாம் பற்களை வெண்மையாக்கும் பசைகள், பட்டைகள், விளக்குகள் ஆகியவற்றின் விளம்பரங்களைக் காண்கிறோம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் இந்த ஆசை வருகிறது. ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் பல்லின் மேல் எதையும் தடவுவதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பல்லின் இயற்கை நிறம் என்ன?

'முத்துப் போன்ற பல்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நல்ல ஆரோக்கியமான பல் தாளைப் போல வெள்ளையாக இருப்பதில்லை. சற்றே மஞ்சள் கலந்திருக்கும். ஏன் தெரியுமா?

பல்லின் மேலுறை எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் படிகங்கள் அதில் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. இந்த எனாமல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும் பொருள். அதன் அடியிலுள்ள டென்டீன் மஞ்சள் நிறமானது. மஞ்சள் சுவருக்கு முன்னால் தேய்த்த கண்ணாடியை வைத்தால் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் பல்லும் தெரிகிறது. கோரைப்பற்கள் மற்ற முன்பற்களைவிடச் சற்று மஞ்சளாக இருப்பதும் இயல்பே. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டீன் தடிக்கிறது, மஞ்சளும் கூடுகிறது.

இங்கே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். எனாமல் அப்படியல்ல. அதை உருவாக்கிய செல்கள், பல் ஈறைவிட்டு வெளியே வருவதற்குள் மறைந்துவிடுகின்றன. இழந்த எனாமலை உடலால் மீண்டும் உண்டாக்க முடியாது. உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சிறு சேதங்களை ஓரளவு சரிசெய்யும், அவ்வளவுதான்.

கறைகளில் இரு வகை

பல்லின் கறைகளை வெளிக்கறை, உட்கறை என இரண்டாகப் பிரிக்கலாம்.

தேநீர், காப்பி, வெற்றிலை பாக்கு, புகையிலை ஆகியவற்றால் வருவன வெளிக்கறைகள். ஈறோரத்தில் காரை படிந்திருந்தால் அதன் மேல் இவை இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். பல் மருத்துவர் காரையைச் சுரண்டி எடுத்து மெருகிட்டாலே இவற்றில் பெரும்பகுதி நீங்கிவிடும். பலருக்கு இதற்கு மேல் எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது.

உட்கறைகள் பல்லின் உள்ளேயே இருப்பவை. தேய்த்தாலும் போகாதவை. அடிபட்டு உயிரிழந்த பல் கருமையாவது இவ்வகை. டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் பற்கள் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவதும் இவ்வகையே. 1950களின் பிற்பகுதியில் இது கண்டறியப்பட்டது. அதனால்தான் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்த மருந்தைத் தருவதை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய உட்கறை, ஃபுளூரோசிஸ். குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்திருந்தால், பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் எனாமலின் அமைப்பு பாதிக்கப்படுகிறது. பல்லில் சுண்ணாம்புத் திட்டுகளும் பழுப்புப் பட்டைகளும் தோன்றுகின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இத்தகைய பழுப்புப் பற்களை மக்கேய் என்ற பல் மருத்துவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். காரணம் ஃபுளூரைடே என்பது 1931ஆம் ஆண்டில் தெரியவந்தது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் ஃபுளூரைடால் விளையும் நோயை ஷார்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது விரும்பத்தக்கதன்று என்பது இந்தியத் தர நிர்ணயம்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. 2013ஆம் ஆண்டில் அது செயலுக்கு வந்தது.

தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. 'அப்படியானால் தேநீராலும் ஃபுளூரோசிஸ் வருமா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. முதிர்ந்த இலைகளில்தான் ஃபுளூரைடு அதிகம். முதிர்ந்த இலைகளையும் தண்டுகளையும் அழுத்திச் செய்த கட்டித் தேயிலையை நாள் முழுவதும் குடிக்கும் திபெத் மக்களிடம் இந்நோய் காணப்படுகிறது. நம் மலையில் பறிப்பது இளங்கொழுந்து. நாம் அளவாகக் குடிக்கும் தேநீர் தருவது பெரும்பாலும் வெளிக்கறையே.

ஆகவே, பழுப்புப் பல்லைக் கண்டதும் 'பல் துலக்காதவன்' என்று யாரையும் எண்ணிவிடாதீர்கள். உங்கள் வகுப்புத் தோழனின் பல்லிலுள்ள திட்டுகளுக்கு அவன் ஊர்க் கிணறு காரணமாக இருக்கலாம்.

வெண்மை எப்படி வருகிறது?

பற்களை வெளுக்கச் செய்யும் சிகிச்சையில் பெரும்பாலும் பயன்படுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. நீரின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைக் கூடுதலாகச் சேர்த்தால் கிடைப்பது இது. கூடுதலான அந்த ஆக்சிஜன் நிலையாக நிற்பதில்லை. பிரிந்து வந்து பக்கத்திலுள்ள பொருளைத் தாக்குகிறது.

நிறப்பொருளின் மூலக்கூறுகளில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட தொடர்கள் உண்டு. அவற்றை வீணைத் தந்திக்கு ஒப்பிடலாம். நீண்ட தந்தி தாழ்ந்த சுருதியைத் தருகிறது. தந்தி குறுகினால் சுருதி உயர்கிறது. அதுபோல நீண்ட பிணைப்புத் தொடர், கண்ணுக்குத் தெரியும் ஒளியை உட்கவர்கிறது. அதனால் நிறம் தெரிகிறது. பெராக்சைடு அத்தொடரைத் துண்டாக்கிவிட்டால், குறுகிய துண்டுகள் புற ஊதாக் கதிரை மட்டுமே உட்கவரும். நம் கண்ணுக்கு அது நிறமற்றதாகிவிடும். கறைப்பொருள் சிறிதளவு அங்கேயே இருக்கலாம், நிறம்தான் போய்விடுகிறது.

வியப்பைப் பாருங்கள்! தொழிற்சாலையில் தேயிலைக்கு நிறம் தந்தது ஆக்சிஜனேற்றம். இங்கே அந்த நிறத்தை அழிப்பதும் ஆக்சிஜனேற்றமே.

இந்த முறை ஓரளவு தற்செயலாகக் கிடைத்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், கோணல் பற்களைச் சீராக்கும் மருத்துவர் ஒருவர், ஈறு புண் ஆறுவதற்காகக் கார்பமைடு பெராக்சைடு என்ற மருந்தைக் கொடுத்தார். புண் ஆறியதோடு பற்களும் வெளுத்திருந்தன. 1989ஆம் ஆண்டில் ஹேவுட், ஹேமன் என்ற இரு பல் மருத்துவப் பேராசிரியர்கள் இம்முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பல்லின் அளவுக்கேற்ப வார்த்த உறையில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடை இட்டு இரவில் அணிவது அம்முறை. அது சிதைந்து தரும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ 3.5 சதவீதம்தான்.

தீங்கு உண்டா?

பல் மருத்துவரின் மேற்பார்வையில், குறைந்த செறிவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் இம்முறை பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதே இதுவரை கண்ட முடிவு. ஆயினும் சில தொல்லைகள் உண்டு.

முதலாவது பல் கூச்சம். பெராக்சைடின் மூலக்கூறு மிகச் சிறியது. அது எனாமலையும் டென்டீனையும் கடந்து, சில நிமிடங்களிலேயே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழை எட்டிவிடுகிறது. அதனால் குளிர்ச்சியும் சூடும் பட்டால் பல் 'சுரீர்' என்கிறது. மார்கழி மாதத்தில் உறைபனி படியும் உதகையில், காலைக் குளிரில் வாய் திறந்து மூச்சு விட்டு உடனே கொதிக்கும் தேநீரை உறிஞ்சுபவருக்கு இது எத்தகைய வேதனை என்று எண்ணிப் பாருங்கள்! பொதுவாகச் சிகிச்சையை நிறுத்திய சில நாட்களில் கூச்சம் தணிந்துவிடும். ஆனால் ஏற்கெனவே சொத்தையோ விரிசலோ உள்ள பல்லில் வலி கடுமையாகலாம்.

இரண்டாவது ஈறு எரிச்சல். மருத்துவமனையில் பயன்படும் கரைசலின் செறிவு 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். அது ஈறில் பட்டால் வெந்து வெளுத்துவிடும். அதனால்தான் மருத்துவர் முதலில் ஈறுகளை மூடிப் பாதுகாக்கிறார். பயிற்சி இல்லாதவர் கையில் இது ஆபத்து.

மூன்றாவது, அடைத்த பல்லும் செயற்கை உறையிட்ட பல்லும் வெளுப்பதில்லை. சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் அவை மட்டும் தனித்துத் தெரியும்.

நான்காவது, வெண்மை நிலைப்பதில்லை. நாளடைவில் நிறம் மெல்லத் திரும்புகிறது. 'இன்னொரு முறை, இன்னொரு முறை' என்று அடிக்கடி செய்துகொள்வதில்தான் எனாமலுக்கும் ஈறுக்கும் ஆபத்து மிகுதி.

ஐரோப்பிய ஒன்றியம் 2011ஆம் ஆண்டில் பிறப்பித்து 2012 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி கவனிக்கத்தக்கது. 0.1 சதவீதத்திற்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. இளம் வயதில் பற்கூழ் பெரிதாக இருப்பதால் கூச்சமும் எளிதில் வரும். இக்கட்டுரையைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் இந்த வயதினரே.

நீல விளக்கின் பங்கு

சில இடங்களில் பல்லின் மேல் நீல விளக்கைக் காட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் பற்கள் பளிச்சென்று தெரிகின்றன. இதில் விளக்கின் பங்கு எவ்வளவு? ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறுதியில் கிடைக்கும் வெண்மையில் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் உடனே வெளுத்ததாகத் தெரிவது ஏன்? இதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62. அதன் நுண்துளைகளில் நிறைந்திருக்கும் நீரின் எண் 1.33. நீண்ட நேரம் வாயைத் திறந்து வைத்தால் பல் உலர்கிறது; துளைகளில் நீருக்குப் பதில் காற்று புகுகிறது. காற்றின் எண் 1. இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கிடையே வேறுபாடு கூடினால் ஒளிச்சிதறலும் கூடும். நனைந்த வேட்டி மங்கலாகவும் காய்ந்த வேட்டி வெண்மையாகவும் தெரிவது இதனால்தான். பல் மீண்டும் நனைந்ததும், ஏறத்தாழ ஒரு நாளுக்குள், இந்தப் பகுதி வெண்மை மறைந்துவிடுகிறது.

விளக்கின் வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 1965ஆம் ஆண்டில் சாக், கோஹன் என்னும் இருவர் குரங்குகளின் பற்களில் செய்த சோதனையில், பற்கூழின் வெப்பநிலை 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது 15 சதவீதப் பற்கள் மீளாத சேதம் அடைந்தன. புற ஊதாக் கதிர் தரும் விளக்காக இருந்தால் கண்ணுக்கும் உதட்டுக்கும் கேடு.

வீட்டு முறைகள்

மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே செய்யும் முறைகள் பாதுகாப்பானவை என்று எண்ணுகிறோம். அவற்றில் சில பெராக்சைடைவிடக் கெட்டவை.

எலுமிச்சைச் சாற்றை உப்புடன் சேர்த்துத் தேய்ப்பவர்கள் உண்டு. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறத்தாழ 2.5. மூன்று அலகு வேறுபாடு என்றால் அமிலச் செறிவு ஆயிரம் மடங்கு! தேய்த்தவுடன் கறை போனது போலத் தெரியும். கறையோடு எனாமலும் போயிருக்கும். எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் டென்டீன் முன்னைவிட நன்றாகத் தெரியும். வெண்மையை நாடிச் செய்த வேலை மஞ்சளில் முடிகிறது.

செங்கற்பொடி, மணல், சாம்பல் ஆகியவற்றால் துலக்கும் பழக்கமும் உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் எனாமலின் கடினம் 5. மணலிலுள்ள குவார்ட்சின் கடினம் 7. கடினமானது மெதுவானதைக் கீறும் என்பது உங்களுக்குத் தெரியும். உமிக்கரியிலும் சிலிகா நிறைய உண்டு. இன்று அழகிய புட்டிகளில் விற்கப்படும் கரித்தூளும் பல்லை உராய்ந்துதான் கறையை எடுக்கிறது. பல்லின் உள்நிறத்தை அது மாற்றுவதில்லை. புகையிலை கலந்த பற்பொடிகளோ 1992ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டவை.

சில பற்பசைகளில் நீல நிறப்பொருள் சேர்க்கிறார்கள். இது வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது போன்றதே. மஞ்சளை நீலம் ஈடுகட்டுவதால் பல் வெண்மையாகத் தோன்றும். தீங்கில்லை, ஆனால் அந்தத் தோற்றம் சிறிது நேரத்திற்கே.

என்ன செய்யலாம்?

பற்கள் மஞ்சளாக இருக்கின்றன என்று கவலைப்படுகிறீர்களா? முதலில் பல் மருத்துவரிடம் காட்டி, அது வெளிக்கறையா, உட்கறையா, இயல்பான நிறமா என்று கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. பல் மருத்துவர் சட்டம் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவரே பற்களுக்குச் சிகிச்சை செய்யலாம். அழகு நிலையங்களிலும் திருவிழாக் கடைகளிலும் வாயைத் திறந்து காட்டாதீர்கள். 'கரைசலின் செறிவு என்ன? எனக்குச் சொத்தை இருக்கிறதா? எத்தனை நாள்?' என்று கேட்கத் தயங்காதீர்கள். ஃபுளூரோசிஸ் உள்ளவர்களுக்குத் தனி முறைகள் உண்டு; அவற்றையும் மருத்துவரே முடிவு செய்வார்.

தேநீரை விடவேண்டியதில்லை. குடித்தபின் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளியுங்கள். பால் சேர்ப்பதும் நல்லது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் பாலிபீனால்களைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால் அவை பல்லில் ஒட்டுவது குறைகிறது. காலையும் இரவும் ஃபுளூரைடு அளவாக உள்ள பசையால் துலக்குங்கள். தருமபுரி போன்ற பகுதிகளில் வாழ்பவர்கள் சிறு குழந்தைகளுக்கான பற்பசை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வெள்ளை ஓடுள்ள முட்டையின் ஓட்டுத் துண்டுகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பால் கலக்காத தேநீரிலும், மற்றொன்றைப் பால் கலந்த தேநீரிலும், மூன்றாவதை எலுமிச்சைச் சாற்றிலும் ஓர் இரவு முழுவதும் ஊறவையுங்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. எனாமலைவிட எளிதில் கரையக்கூடியது. ஆயினும் நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள அது போதும். மறுநாள் மூன்றையும் கழுவி ஒப்பிடுங்கள். தேநீரில் ஊறிய இரண்டு ஓடுகளில் எது அதிகம் நிறம் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றிலிருந்த ஓட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

கறை படிந்த ஓடு அப்படியே உறுதியாக இருக்கும். மற்றதன் நிலையைப் பார்த்தபின், பல்லில் எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவேண்டியிராது.